நாலாவது வட்டம் உபயம்

விளாங்குடியில், திண்டுக்கல் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த ஒச்சப்பன் நினைவு உயர்நிலைப் பள்ளியில் உபயம் இல்லாத பொருள் ஒன்றே ஒன்றுதான். அது சாக்பீஸ். எழுத எழுதத் தேய்ந்துபோகும் பொருளில் பெயர் போட யாரும் முன்வரவில்லை. மற்றபடி டியூப்லைட், மின்விசிறி, தண்ணீர்ப் பானை, பானையை மூடும் தட்டு, மணிக்குப் பதிலாகக் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு, எல்லாவற்றிலும் யாராவது ஒரு புண்ணியவான் பெயர் சிவப்புப் பெயிண்டில் இருந்தது. டியூப்லைட்டில் கொடுத்தவர் பெயரை நீளவாக்கில் எழுதி, தொழிலை எழுதி, காலஞ்சென்ற தகப்பனார் ஞாபகார்த்தம் என்பதையும் எழுதிய பிறகு, வெளிச்சம் வெளியே வருவதற்குக் கொஞ்சம் இடம்தான் மிச்சம். மழைக்கால மத்தியானங்களில் பிள்ளைகள் விளக்கைப் போட்டுவிட்டு உபயதாரர் பெயரைப் படிப்பார்கள். அதற்கு மட்டும் வெளிச்சம் போதும்.

அந்தப் பள்ளியில் மொக்கைச்சாமி வேதியியல் வாத்தியார். தற்காலிக வாத்தியார். ஆனையூருக்கு வடக்கே ஒரு கிராமத்தில் அடுத்தவர் வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த முனியாயியின் மகன். அவன் குடும்பத்தில் மட்டுமல்ல, அவன் தெருவிலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன்தான். வேதியியல் என்றால் என்னவென்று முனியாயிக்குத் தெரியாததால், மகன் மருந்துப் படிப்பு படித்திருப்பதாக ஊரில் சொல்லி வைத்திருந்தாள். லீவுக்குப் போனால் யாராவது சட்டையைத் தூக்கிச் சொறியைக் காட்டுவார்கள். அவனும் கந்தகத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசச் சொல்லுவான். சிலருக்குச் சரியாகவும் போயிற்று. படித்த படிப்பில் இதுவரை யாருக்காவது உபயோகப்பட்ட பகுதி இது ஒன்றுதானோ என்று அவனுக்குத் தோன்றும். தோன்றியதற்காக வெட்கமாகவும் இருக்கும்.

பட்டம் வாங்கிக்கொண்டு போனபோது முனியாயி ஒன்று சொல்லியிருந்தாள். "வேலை நிரந்தரம்னு காயிதம் வந்துச்சுன்னா சொல்லு, அன்னைக்கோட நான் அடுத்தவுக வயல்ல குனியறதை நிப்பாட்டிக்கிறேன்." காகிதம் வரவில்லை. அவளும் குனிந்துகொண்டிருந்தாள். காகிதத்துக்கு இரண்டு பேர் தயவு வேண்டும். வகுப்பைப் பார்வையிட்டு ஒப்புதல் தர ஒரு கல்வி அதிகாரி. அதற்கு முன்னால் சிபாரிசு செய்ய, பள்ளியின் தாளாளர் நல்லகாமன்.

நல்லகாமன் உரக்கடை வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் எந்த வயல் பச்சையாக இருந்தாலும் அதில் தன் பங்கு உண்டு என்று நினைப்பவர். அவருடைய தகப்பனார் ஒச்சப்பன் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. அந்தக் குறையைத் தீர்க்க மகன் பள்ளிக்கூடத்தையே அவர் பெயருக்குக் கொண்டு வந்துவிட்டார். எழுபத்தொன்பதாம் வருஷம் பள்ளிக்கு ஆய்வுக்கூடம் கட்டி முடிந்தது. அறைகள் பற்றாததால் பத்தாம் வகுப்பும் அதிலேயே நடப்பதாக ஏற்பாடு. சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்துக்கொண்டு நல்லகாமன் மொக்கைச்சாமியைக் கூப்பிட்டார்.

"சுவரு மொட்டையா கெடக்குது சார். உங்க கெமிஸ்ட்ரியில ஏதாச்சும் ஒரு படம் போடுவோம். நம்ம யாவாரத்துக்குத் தோதா இருந்தா நல்லது."

"பொட்டாஷ்ல இருக்கற பொட்டாசியம் போடலாங்கய்யா" என்றான் மொக்கைச்சாமி. யூரியாவை விட அது வரைவதற்குச் சுலபம்.

ஒரு தாளில் வரைந்து காட்டினான். நடுவில் உட்கரு. சுற்றிலும் நான்கு வட்டங்கள். முதல் வட்டத்தில் இரண்டு புள்ளி, இரண்டாவதில் எட்டு, மூன்றாவதிலும் எட்டு, நான்காவதில் ஒன்று. புள்ளி ஒவ்வொன்றும் ஓர் எலெக்ட்ரான்.

"கடைசி ஒத்தையை மட்டும் ஏன் சார் அத்துவானத்துல விட்டுருக்கீக?"

"அதுதாங்கய்யா முக்கியம். உள்ள இருக்கற பதினெட்டும் கதவைச் சாத்திக்கிட்டு இருக்கற வீடு மாதிரி. யாரோடவும் சேராது, எதையும் குடுக்காது. வெளிய இருக்கற ஒன்னுதான் போயி மத்த தனிமத்தோட சேரும். இணைதிறன் எலெக்ட்ரான்னு பேரு. அது தன்னைக் குடுத்தாத்தான் பொட்டாஷே உண்டாகும்."

"அப்ப நம்ம கடையே இந்த ஒத்தைப் பொட்டுலதான் ஓடுதுங்கறீக."

"ஆமாங்கய்யா."

நல்லகாமன் அந்தப் புள்ளியைக் கொஞ்ச நேரம் மரியாதையோடு பார்த்தார். பிறகு, "நடுவுல இம்புட்டு எடம் சும்மாதான கெடக்கு, அதுல எங்கப்பா மொகத்தைப் போடச் சொல்லுங்க" என்றார்.

பெயிண்டர் கருப்பு வந்தான். கட்சிக் கூட்டத்துக்கும் சினிமாக் கொட்டகைக்கும் முகம் வரைந்து கைதேர்ந்தவன். அந்த வாரம் மொக்கைச்சாமியைப் அரையாண்டுப் பரீட்சைத் தாள் திருத்த வேறு பள்ளிக்கு அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்த அன்று காலையில்தான் திறப்பு விழா. வாழை மரம் கட்டியாகிவிட்டது. ஆய்வுக்கூடத்துக்குள் போய்ச் சுவரைப் பார்த்தான்.

உட்கருவில் தலைப்பாகையும் மீசையுமாக ஒச்சப்பன் இருந்தார். பொட்டாசியத்தின் பத்தொன்பது புரோட்டான்களின் வேலையையும் அவர் ஒருவரே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே, முழங்கை நீள எழுத்துகளில், 'உபயம்: ஒ. நல்லகாமன், உர வணிகர், விளாங்குடி' என்று இருந்தது. முகத்துக்கும் பெயருக்கும் நடுவில் மூன்று வட்டங்கள் இருந்தன. மூன்றே மூன்று.

"கருப்பண்ணே, நாலாவது வட்டம் எங்கண்ணே?"

"எடம் பத்தலை மாப்ள. மொதல்ல பேரைத்தான எழுதணும், எழுதிட்டேன். அதுக்கப்புறம் வட்டம் போட்டுக்கிட்டே வாரேன், நாலாவது வட்டம் அய்யா பேருக்குக் குறுக்கால போகுது. பேரை வெட்டிட்டு நான் விளாங்குடியில குடியிருக்க முடியுமா?"

"அதுல ஒரு புள்ளி இருந்துச்சே."

"அதைக் கீழ போட்ருவனா? மூணாவது வட்டத்துலயே நெருக்கி ஒக்கார வச்சிருக்கேன் பாரு. எண்ணிக்க, பத்தொம்பது சரியா இருக்கும். கணக்குல நான் என்னைக்கும் குறை வைக்க மாட்டேன்."

எண்ணிப் பார்த்தான். இரண்டு, எட்டு, ஒன்பது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. வெளியே தனியாக நின்று ஊரோடு சேர வேண்டிய எலெக்ட்ரானை, ஒரு பெயருக்கு வழிவிட்டு, கதவைச் சாத்திய வீட்டுக்குள் தள்ளியிருந்தார்கள். இந்தப் பொட்டாசியத்தை வைத்து ஒரு சிட்டிகை பொட்டாஷ்கூடச் செய்ய முடியாது.

தலைமையாசிரியர் ஹாலாஸ்யத்திடம் ஓடினான். ஹாலாஸ்யம் கணக்கு வாத்தியாராக இருந்து தலைமைக்கு வந்தவர். தாளாளர் சொன்னது எதுவானாலும் அதற்கு ஒரு சூத்திரம் கண்டுபிடித்துக் கொடுப்பார். அவர் இத்தனை வருஷம் அந்த நாற்காலியில் இருந்ததற்கு அதுதான் காரணம்.

"சார், படம் தப்பு. மூணாவது வட்டத்துல ஒன்பது போட்டிருக்கு."

"மூணாவது வட்டம் அதிகபட்சம் எத்தனை தாங்கும், மொக்கைச்சாமி?"

"பதினெட்டு சார்."

"டூ என் ஸ்கொயர். மூணு ஸ்கொயர் ஒன்பது, ரெண்டால பெருக்கினா பதினெட்டு. எனக்கே தெரியறது. பதினெட்டு பேர் உக்கார்ற பந்தியில ஒன்பது பேர் உக்காந்திருக்கா. இதுல என்னய்யா தப்பு?"

"எட்டோட நிறுத்திட்டு அடுத்த வட்டத்துக்குப் போகணும் சார்."

"ஏன் போகணும்? உள்ளேதான் இலை காலியா இருக்கே."

மொக்கைச்சாமி யோசித்துப் பார்த்தான். கல்லூரியில் இந்த இரண்டு, எட்டு, எட்டு, ஒன்று என்பதை எத்தனையோ முறை எழுதி மார்க் வாங்கியிருக்கிறான். ஏன் என்று பரீட்சைத் தாள் கேட்டதில்லை. அவனும் கேட்டதில்லை. தப்பு என்று தெரிகிறது, ஏன் தப்பு என்று தெரியவில்லை. அப்படியானால் தனக்கும் பெயிண்டர் கருப்புக்கும் என்ன வித்தியாசம்? கருப்பாவது இடம் பற்றவில்லை என்று ஒரு காரணம் சொன்னான்.

"போய்ப் பன்னீர்ச் செம்பைப் பிடியும்" என்றார் ஹாலாஸ்யம்.

சுவருக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, சூடம் காட்டினார்கள். இரண்டு, எட்டு, ஒன்பது திறந்து வைக்கப்பட்டது.

மறுநாள் பத்தாம் வகுப்பில் தங்கப்பொண்ணு எழுந்து நின்றாள். அந்த வகுப்பில் புத்தகத்தை வீட்டிலும் திறப்பவள் அவள்தான்.

"சார், புஸ்தகத்துல பொட்டாசியத்துக்குக் கடைசி வட்டத்துல ஒன்னுன்னு இருக்கு. சுவத்துல ஒம்பதுன்னு இருக்கு. எது சார் படிக்க?"

"பரீட்சைக்குப் புஸ்தகத்தைப் படி."

"சுவரு எதுக்கு சார்?"

"சுவரு கும்பிட" என்று பின்பெஞ்சிலிருந்து யாரோ சொன்னார்கள். மொக்கைச்சாமி அது யாரென்று கண்டுபிடிக்க முயற்சி செய்யவில்லை.

ஆனால் அவனால் அதை விடவும் முடியவில்லை. சனிக்கிழமை நாகமலை புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினான். கல்லூரியில் அவனுக்குப் பாடம் எடுத்த பஞ்சாபகேசன் இப்போது அங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.

"மூணாவது வட்டத்துல இடம் இருக்கறப்போ பொட்டாசியம் ஏன் சார் நாலாவதுக்குப் போகுது?"

"கடைசி வட்டத்துல எட்டுக்கு மேல இருக்கப்படாது. அது விதி."

"அந்த விதி ஏன் சார்?"

பஞ்சாபகேசன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீதான் பாஸ் பண்ணிட்டியேப்பா, இப்ப எதுக்கு இதெல்லாம்? இந்த ஏன் எந்த யுனிவர்சிட்டி கேள்வித்தாள்லயும் வராது. நான் சொல்றேன், வராது."

அவர் அதோடு விட்டிருந்தால் மொக்கைச்சாமி திரும்பிப் போயிருப்பான். அவனைக் கழற்றிவிடுவதற்காக நூலகத்துக்குக் கூட்டிப்போய், காவலாளியிடம் தன் ஆள் என்று சொல்லிவிட்டு, தன் ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். கனமான ஆங்கிலப் புத்தகம் ஒன்றில் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தான். முதல் தடவை படித்தபோது ஆங்கிலம் புரிந்தது. திரும்பப் படித்தபோது ஆங்கிலமும் புரியவில்லை. வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தான்.

வட்டம் என்பது ஒரே மட்டத்தில் போட்ட பந்தி இல்லை. ஒரே வட்டத்துக்குள்ளேயே தாழ்ந்த இடமும் உண்டு, உயர்ந்த இடமும் உண்டு. மூன்றாவது வட்டத்தில் தாழ்ந்த இடங்கள் எட்டோடு தீர்ந்துவிடுகின்றன. மீதி இருக்கும் இடங்கள் உயரத்தில் இருக்கின்றன. நான்காவது வட்டத்தின் முதல் இடம் அதைவிடத் தாழ்வாக, காலை வைத்தால் ஏறிவிடலாம் போல இருக்கிறது. எலெக்ட்ரான் சிரமமில்லாத இடத்தில் போய் உட்கார்கிறது. அவ்வளவுதான்.

திரும்பும் பஸ்ஸில் அதை அவன் கண்ணாலேயே பார்த்தான். பஸ்ஸுக்குள் கூரையில் லக்கேஜ் கம்பி காலியாகத்தான் கிடந்தது. யாரும் அதில் ஏறிப் படுக்கவில்லை. சீட்டு நிறைந்ததும், பின்னால் வந்து நின்ற அடுத்த பஸ்ஸின் முதல் சீட்டுக்கு ஓடினார்கள். பட்டம் வாங்கி மூன்று வருஷம் கழித்து, படித்த படிப்பில் ஒரு விஷயம் அவனுக்குப் புரிந்துவிட்டது. காளவாசலில் இறங்கும்போது தனியாகச் சிரித்தான். கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

திங்கட்கிழமை ஹாலாஸ்யத்திடம் பஸ்ஸை வைத்தே விளக்கினான். அவர் கடைசிவரை கேட்டார். கணக்குப் படித்தவர் என்பதால் அவருக்கு உடனே புரிந்தும்விட்டது.

"பேஷ். விளக்கம் பிரமாதம். ஆனா பஸ் யாருது?"

"சார்?"

"இந்தப் பள்ளிக்கூட பஸ் யாருதுன்னு கேட்டேன். அடுத்த வாரம் அதிகாரி வரார். உம்ம வகுப்பைத்தான் பார்க்கறார். உமக்கு நிரந்தரம் வேணுமா, நாலாவது வட்டம் வேணுமா, நீரே முடிவு பண்ணிக்கும். சுவர்ப் பக்கமே போகாம கரைசல் பாடத்தை எடும்."

மொக்கைச்சாமி முடிவு செய்துவிட்டான். கரைசல் பாடம். அதற்காக அன்று முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டான், ஆனால் முடிவை மாற்றவில்லை. முனியாயியின் முதுகு அவன் கண்ணுக்குள் இருந்தது. அது உண்மையா, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் தான் ஒளிந்துகொள்கிறானா என்றும் யோசித்தான். அதற்கு எந்த நூலகத்திலும் புத்தகம் இல்லை.

அதிகாரி வந்தார். மெலிந்த, அதிகம் பேசாத மனிதர். பக்கத்தில் புது வேட்டியில் நல்லகாமன், கையைக் கட்டிக்கொண்டு ஹாலாஸ்யம். மொக்கைச்சாமி தண்ணீரில் உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தான். அதிகாரி உப்பைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார்.

"நடுவுல யாரு?"

"எங்கப்பாருங்கய்யா" என்றார் நல்லகாமன்.

"பொட்டாசியம்னு எழுதியிருக்கு." அதிகாரி மொக்கைச்சாமியிடம் திரும்பினார். "நானும் ஒரு காலத்துல கெமிஸ்ட்ரி படிச்சவன்தான். பொட்டாசியத்துக்கு இணைதிறன் எலெக்ட்ரான் எத்தனை?"

"ஒன்னு சார்."

"இந்தப் படத்துல அதைக் காட்டுங்க."

மொக்கைச்சாமி மூங்கில் குச்சியை எடுத்தான். தங்கப்பொண்ணு நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஹாலாஸ்யம் மேலே மின்விசிறியில் இருந்த பெயரைப் படித்துக்கொண்டிருந்தார். குச்சி மூன்றாவது வட்டத்தில் போய் நின்றது. அந்த ஒன்பதில் எதைத் தொட்டாலும் பொய். தொடாவிட்டால் காகிதம் போச்சு. பிறகு அது வட்டத்தைத் தாண்டிக் கீழே இறங்கி, நாலாவது வட்டம் வர வேண்டிய இடத்தில் நின்றது. அங்கே நல்லகாமன் பெயர்தான் இருந்தது.

"இங்க சார். உள்ள இருக்கறதெல்லாம் யாரோடவும் சேராது, யாருக்கும் எதையும் குடுக்காது. இந்த எடத்துல ஒன்னு இருக்கணும். அதுதான் தன்னையே குடுத்து மத்ததோட சேரும். பொட்டாசியத்தோட குணம் அம்புட்டும் இந்த எடத்துலதான் இருக்கு."

குச்சியின் நுனி தன் பெயருக்கு அடியில் நிற்பதை நல்லகாமன் பார்த்தார். துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் உரம் விற்றும் பள்ளி நடத்தியும் தன்னை இப்படிப் புரிந்துகொண்டு யாரும் பேசியதில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அதிகாரி பெயரைப் பார்த்தார், வட்டத்தைப் பார்த்தார், நல்லகாமனின் துண்டைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்து எழுதினார். வகுப்பு திருப்தி. சுவர்ப் படத்தில் நான்காவது வட்டப்பாதையும் அதில் ஓர் எலெக்ட்ரானும் சேர்க்கப்பட வேண்டும்.

நிரந்தர ஆணை வந்தது. நல்லகாமனே கையில் கொடுத்தார்.

"அதிகாரி முன்னால என்னைப் பத்தி அம்புட்டுப் பேசிட்டீகளே சார். நான் அதுக்கெல்லாம் தகுதியான்னு தெரியலை."

மொக்கைச்சாமி கும்பிட்டு வாங்கிக்கொண்டான். அன்று தான் சொன்னது உண்மையா, முகஸ்துதியா என்று அதன்பிறகு பலமுறை யோசித்தான். சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் பாடப்படி சரி. குச்சி நின்ற இடமும் சரி. ஒன்றைக்கூடப் பொய் என்று சொல்ல முடியாது. அதுதான் அவனை உறுத்தியது.

மிச்சமிருந்தது அதிகாரியின் குறிப்பு. மூன்றாவது வட்டத்தில் இருக்கும் ஒன்பதாவது புள்ளியை அழித்துவிட்டு வெளியே போடலாம் என்றான் மொக்கைச்சாமி.

"எங்கப்பா படத்துல ஒரு பொட்டையும் அழிக்கப்படாது" என்றார் நல்லகாமன். "மாலை போட்டுச் சூடம் காட்டுனது. வேணும்னா மேக்கொண்டு சேத்துக்கங்க."

"அதிகாரியும் சேர்க்கணும்னுதான் எழுதியிருக்கார்" என்றார் ஹாலாஸ்யம். "எடுக்கணும்னு ஒரு வார்த்தை இல்லை."

வேலை நிரந்தரமானவர்கள் பள்ளிக்கு ஏதாவது உபயம் செய்வது வழக்கம். பானையை மூடும் தட்டு தமிழ் வாத்தியாருடையது. மொக்கைச்சாமியின் முறைக்கு நாலாவது வட்டம் என்று முடிவாயிற்று. கருப்பு மறுபடி வந்தான். வட்டம் சுற்றி வந்து, நல்லகாமனின் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு, பெயருக்கு அடியில் பணிவாக வளைந்து போயிற்று. அதன் மேல் பெரிதாக ஒரு புள்ளி. பக்கத்தில் சின்ன எழுத்தில், 'நாலாவது வட்டம் உபயம்: மு. மொக்கைச்சாமி, பி.எஸ்ஸி., பி.எட்.'

ஞாயிற்றுக்கிழமை முனியாயி பார்க்க வந்தாள். களை எடுக்கப் போவதை நிறுத்தியிருந்தாள். கையை என்ன செய்வது என்று தெரியாமல் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

"இதுல உன்னுது எதுடா?"

புள்ளியைக் காட்டினான்.

"இம்புட்டுத்தானா?"

"அதுதான் ஆத்தா முக்கியம்."

அவள் அருகில் போய் அந்தப் புள்ளியைத் தொட்டுப் பார்த்தாள். பெயிண்ட் இன்னும் காயவில்லை. விரலில் ஒட்டியதை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் தங்கப்பொண்ணு எழுந்து நின்றாள்.

"சார், இப்ப மொத்தம் இருவது வருது. பொட்டாசியத்துக்குப் பத்தொம்பதுதான சார்?"

"பத்தொன்பதுதான்."

"அப்ப இருவதாவது எலெக்ட்ரான்?"

"அது சாரு" என்றது பின்பெஞ்சு. வகுப்பு சிரித்தது. அந்த வாரத்திலிருந்து பள்ளி முழுக்க அவனுக்கு இருபதாவது எலெக்ட்ரான் என்றுதான் பெயர்.

மொக்கைச்சாமி கரும்பலகைக்குத் திரும்பினான். சாக்பீஸை எடுத்து, நடுவில் யார் முகமும் இல்லாமல் ஓர் உட்கருவைப் போட்டு, நாலு வட்டங்களை முழுதாகச் சுற்றி, இரண்டு, எட்டு, எட்டு, ஒன்று என்று புள்ளிகளை வைத்தான். ஒன்பதாவது ஏன் உள்ளே இருக்க முடியாது என்று பஸ்ஸை வைத்துச் சொன்னான். தங்கப்பொண்ணு தலையாட்டினாள். பின்பெஞ்சிலும் ஒருவன் ஆட்டினான்.

மணி அடித்தது. அடுத்த பீரியட் கணக்கு. ஹாலாஸ்யம் உள்ளே வந்து, முதல் வேலையாகப் பலகையைத் துடைத்தார்.